ஒன்றுக்குப் பத்து: நாட் போர் விமானத்தின் பெரிய மாதிரி செய்வது எப்படி?



நூலக அறையில் பெரிய மேசை மேல் வெள்ளி நிறத்தில் ஒரு விமானம் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 9-ஆம் வகுப்பு மாணவிகள் ஆறு பேர் சேர்ந்து ஏழு வாரமாகச் செய்தது அது. பார்த்தவர்கள் எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனால் ஒரு பெரியவர் மட்டும், "பொம்மை அழகா இருக்கு பாப்பா, இதுல அறிவியல் எங்கே இருக்கு?" என்று கேட்டார். ஒன்றிய அளவிலான அறிவியல் கண்காட்சிக்கு இதை அனுப்பலாமா, வேண்டாமா என்பதும் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. அதற்குப் பதிலைச் சுவர் இதழிலேயே எழுதிவிட்டால் எல்லோரும் படிக்கலாம், சரியில்லை என்றால் கேள்வியும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் அது என்ன விமானம் என்று பார்ப்போம். அதன் பெயர் நாட். நாட் என்றால் ஆங்கிலத்தில் கொசு போல ஒரு சின்னப் பூச்சி. இங்கிலாந்தில் ஃபோலண்ட் என்ற கம்பெனியில் பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. நாட் முதன்முதலில் 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பறந்தது. அப்போது எல்லா நாட்டிலும் போர் விமானங்கள் வருடத்துக்கு வருடம் பெரிசாகிக்கொண்டே போயின. பெரிசானால் எடை கூடும், எடை கூடினால் பெரிய எஞ்சின் வேண்டும், பெரிய எஞ்சினுக்கு நிறைய எரிபொருள் வேண்டும், அதைச் சுமக்க இன்னும் பெரிய உடம்பு வேண்டும். இதற்கு முடிவே இல்லை. பெட்டர் இந்தக் கயிற்றை மறுமுனையில் பிடித்து இழுத்தார். சின்னதாகச் செய்தால் என்ன என்று கேட்டார். அந்தச் சண்டை விமானத்தை இங்கிலாந்து விமானப்படை தன் படைக்கு வாங்கவில்லை. அதன் பயிற்சி விமான வகையை மட்டும் எடுத்துக்கொண்டது. நம் நாடுதான் அதிகமாக வாங்கியது. பெங்களூரில் உள்ள ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்யவும் செய்தார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகள் மூன்றுதான். மூக்கிலிருந்து வால் வரை நீளம் 8.74 மீட்டர். ஒரு இறக்கை முனையிலிருந்து மறு இறக்கை முனை வரை 6.73 மீட்டர். உயரம் 2.46 மீட்டர். அறிவியல் சார் மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, முன்னாலிருந்து பார்க்கும் மூன்று படங்களையும் பிரிண்ட் எடுத்துத் தந்தார்.

எண்ணாகச் சொன்னால் மனசில் நிற்காது. அதனால் முதல் வேலையாக மைதானத்தில் கயிறு பிடித்து, கோலமாவால் நிஜ அளவு நாட் விமானத்தை வரைந்தோம். பெரிய கோலம் போடும் அம்மாக்கள் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், புள்ளி வைக்காமல் போட்ட கோலம் அது. ஒன்பதாம் வகுப்பு முழுக்க அதன் இறக்கைக்கு மேலே உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. அதற்குள் இந்த விமானத்தைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு பக்கமும் இறக்கை ஓர் அடிதான் சுவருக்கு வெளியே நீட்டும். ஜெட் போர் விமானம் என்றால் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்னு நினைத்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். எங்கள் மாதிரி 1:10 அளவு. நிஜத்தில் 10 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. அப்படியானால் நீளம் 87.4 செ.மீ., இறக்கை விரிப்பு 67.3 செ.மீ., உயரம் 24.6 செ.மீ. இதுவரை எல்லாம் பத்தால் வகுப்பதுதான், ஆறாம் வகுப்புத் தம்பியே செய்துவிடுவான்.

ஆனால் இறக்கையின் பரப்பளவு? நிஜ விமானத்தில் அது 12.69 சதுர மீட்டர். பத்தால் வகுக்கக் கூடாது. நீளமும் பத்தில் ஒன்று, அகலமும் பத்தில் ஒன்று, ஆகவே பரப்பு நூறில் ஒன்று. 0.1269 சதுர மீட்டர், அதாவது 1,269 சதுர செ.மீ. சரி, எடை? நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தில் ஒன்று. ஆகவே கன அளவு ஆயிரத்தில் ஒன்று. ஒன்றும் ஏற்றாத வெறும் நாட் விமானம் சுமார் 2,200 கிலோ. அதே உலோகத்தில், அதே மாதிரி உள்ளே எல்லாவற்றையும் வைத்து 1:10 அளவில் ஒருத்தர் செய்தால் அது வெறும் 2.2 கிலோ இருக்கும். எங்கள் அட்டை விமானத்தை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 1 கிலோ 650 கிராம்.

பத்து, நூறு, ஆயிரம். இந்த மூன்று எண்களும் ஒன்றாக நகருவதில்லை என்பதுதான் பெரிய மாதிரி செய்பவர்களுக்கு வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம். பெட்டர் கண்டுபிடித்த லாபத்துக்கும் அதுவே காரணம். கணக்கு டீச்சர் சொல்லி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1965, 1971 போர்களில் நாட் விமானத்தின் எதிரியாக வந்தது பாகிஸ்தானின் சேபர் விமானம். அமெரிக்காவில் செய்தது. அதன் நீளம் சுமார் 11.4 மீட்டர், வெற்று எடை சுமார் 5,000 கிலோ. நாட் நீளத்தைச் சேபர் நீளத்தால் வகுத்தால் 0.767 வருகிறது. அதாவது நீளத்தில் கால் பங்குகூடக் குறையவில்லை. ஆனால் 0.767-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.451 வரும். 5,000 கிலோவை அதால் பெருக்கினால் சுமார் 2,250 கிலோ. நாட்டின் உண்மையான எடை சுமார் 2,200! இரண்டு விமானமும் ஒரே வடிவம் இல்லை, அதனால் இவ்வளவு பக்கத்தில் வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு என்று டீச்சர் சொன்னார். இருந்தாலும் கால் பங்கு நீளம் குறைந்தால் பாதிக்கு மேல் எடை போய்விடும் என்பது நிச்சயம்.

எல்லாவற்றையும் சின்னதாக்கலாம். விமானியைச் சின்னதாக்க முடியுமா? முடியாது. அவர் மட்டும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆகையால் நாட் விமானத்தில் விமானி உட்காரும் இடம் ரொம்ப நெருக்கடி. எரிபொருள் வைக்கும் இடமும் குறைவு, அதனால் அதிக தூரம் போக முடியாது. துப்பாக்கி சிக்கிக்கொள்வது, வால் இறக்கைக் கட்டுப்பாட்டில் கோளாறு என்று வேறு தொல்லைகளும் இருந்தன. பிறகு நம் பொறியாளர்கள் அதையே திருத்தி அஜீத் என்ற விமானத்தைச் செய்தார்கள். (நடிகர் இல்லை! அஜீத் என்றால் வெல்ல முடியாதவன்.)

இனி செய்முறை. உடம்பைக் கெட்டி அட்டையைச் சுருட்டிச் செய்யலாம் என்று சிலர் நினைப்பார்கள். சின்ன மாதிரிக்கு அது சரி. 87 செ.மீ. நீளத்துக்குச் சுருட்டினால் நடுவில் மடங்கிவிடும். நிஜ விமானத்தில் என்ன செய்கிறார்களோ அதையே செய்ய வேண்டியதுதான். குறுக்கே வளையங்கள், நீளவாக்கில் குச்சிகள், அதன் மேல் மெல்லிய தோல். நம் நெஞ்செலும்புக் கூடு போல. படத்தில் 6 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் உடம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அளந்து, அந்த வடிவத்தில் அட்டைப்பெட்டி அட்டையில் வளையம் வெட்டினோம். மொத்தம் 14 வளையம். எந்த வளையமும் சரியான வட்டம் கிடையாது. காற்று உள்ளே போகும் வாய் இரண்டு பக்கமும் இருப்பதால் நடு வளையங்கள் எல்லாம் பலாப்பழத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி இருக்கும்.

நீளக் குச்சிகளுக்குத் தென்னை ஈர்க்கு. இதை நான் அடித்துச் சொல்வேன், காசு கொடுத்து வாங்கும் எந்தக் குச்சியையும்விட இது மேல். வளையும், உடையாது, ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லிசாகவும் இருப்பதால் வால் பக்கம் குறுகும்போது தானாகவே பொருந்துகிறது. பச்சை ஈர்க்கை எடுக்காதீர்கள். அது காயும்போது முறுக்கிக்கொண்டு வளையங்களையும் சேர்த்து இழுக்கும். பழைய விளக்குமாற்றுக் குச்சியே போதும்.

அடுத்தது இறக்கை. பெரிய மாதிரியில் தோற்பதும் ஜெயிப்பதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சார்ட் அட்டையில் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, மேசை விளிம்பில் வைத்து 10 செ.மீ. மட்டும் வெளியே நீட்டி, மீதியைப் புத்தகத்தால் அழுத்துங்கள். முனை லேசாகக் குனியும். இப்போது 20 செ.மீ. வெளியே நீட்டுங்கள். இரண்டு மடங்குதானே நீளம், இரண்டு மடங்கு குனியும் என்று நினைப்பீர்கள். இல்லை, அப்படியே தலை சாய்ந்துவிடும். தடிமன் மாறாமல் நீளம் மட்டும் இரண்டு மடங்கானால், தன் எடையாலேயே வளைவது ஏறக்குறைய 16 மடங்கு ஆகும். அட்டையின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் இரட்டிப்பாக்கினால்கூட வளைவு 4 மடங்கு. 1:20 அளவில் செய்தவர் அதே முறையில் 1:10 செய்யப் போனால் இறக்கை ஏன் தொங்குகிறது என்பதற்கு இதுதான் பதில். பசையைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, அட்டைப்பெட்டியின் உள்ளே அலை அலையாக ஒரு தாள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலைக்கோடுகள் உடம்பிலிருந்து இறக்கை முனையை நோக்கி ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்காக ஓடினால் கோட்டுக்குக் கோடு மடங்கும். பூ போட்ட பக்கம் மேலே வரணும், கம்பெனி பெயர் உள்ளே போகணும் என்று பார்த்து வெட்டினால் இதை விட்டுவிடுவோம். இரண்டு, உள்ளே ஒரு முதுகெலும்பு. நாட் விமானத்தின் இறக்கை உடம்பின் மேல்புறம், நம் தோள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும், பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்கும். ஆகவே இரண்டு மூங்கில் பட்டைகளை விரித்த கவட்டை போல வைத்து, சேரும் இடத்தில் குறுக்கே இன்னொரு துண்டு வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினோம். மூங்கில் பட்டையைப் படுக்கையாக வைக்காமல் செங்குத்தாக, அதாவது அகலப் பக்கம் மேலும் கீழுமாக நிற்கும்படி வைக்க வேண்டும். உங்கள் அடிக்கோலையே எடுத்துப் பாருங்கள், படுக்கையாகப் பிடித்தால் வளையும், நிமிர்த்திப் பிடித்தால் வளையாது. வீட்டு உத்தரமும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

ஒரு விஷயம். நாட் விமானத்தின் இறக்கை நிஜத்திலேயே முனைப் பக்கம் சற்றே கீழே சாய்ந்திருக்கும். வடிவமைப்பே அப்படி. அதனால் நூலகத்துக்கு வந்து "அக்கா, இறக்கை தொங்குது" என்று சொல்லும் ஏழாம் வகுப்புத் தம்பிகள், முன்னாலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவும்.

மூக்கு மட்டும் தெர்மாகோல். அதில் ஓர் எச்சரிக்கை. தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு தின்னர் விட்டுப் பார்த்தோம், சர்க்கரையில் வெந்நீர் விட்ட மாதிரி குழிந்து போனது. ஆகவே பெயின்ட் அடிக்கும் முன்னால் தெர்மாகோல் எங்கேயும் வெளியே தெரியக் கூடாது. இரண்டு அடுக்குத் தாளும் அதன் மேல் ஃபெவிகாலும் பூசி மூடிவிட வேண்டும்.

மேல்தோல், செய்தித்தாளும் மைதாப் பசையும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்கள். அது விஷம். சார் கையால் கலந்து தந்தார், நாங்கள் தொடவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அடுக்குக்கு மேல் ஒட்டக் கூடாது. ஈரத்தாள் காயும்போது சுருங்கி இழுக்கும், அதனால் ஓர் இறக்கையின் மேல்புறம் ஒட்டினால் உடனே கீழ்ப்புறமும் ஒட்டிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் இறக்கை நேராக நிற்கும். விமானி அறையின் கண்ணாடிக்கு இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் தோள்பகுதி. வால் பக்கம் நெருப்பு வரும் குழாய்க்குப் பவுடர் டப்பா. சக்கரத்துக்கு மருந்து பாட்டில் மூடி. இதெல்லாம் வடிவத்தைப் பார்த்து யாருக்கும் தோன்றும், விவரிக்க ஒன்றுமில்லை.

விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்தும்போது வால் கீழே உட்காரப் பார்க்கும். முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். சீசா மாதிரிதான். பின் சக்கரங்களுக்கு முன்னால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் எடை வைத்தால் கொஞ்சம் எடையே போதும். அதனால் மூக்கின் நுனியில் பழைய இரும்பு நட்டுகளை வைத்து அடைத்தோம். இதை மேல்தோல் ஒட்டும் முன்பே செய்துவிட வேண்டும், அப்புறம் உள்ளே கை போகாது.

இனி வண்ணம். 1965-ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது நம் நாட் விமானங்கள் பெரும்பாலும் உலோக நிறத்திலேயே பறந்தன. 1971-க்குள் பலவற்றுக்கு மேலிருந்து பார்த்தால் தரையோடு கலந்து தெரியும்படி உருமறைப்பு வண்ணம் அடித்துவிட்டார்கள். எங்களில் மூன்று பேர் உருமறைப்புதான் கெத்து என்றார்கள். அது சுலபமும்கூட, ஏனென்றால் திட்டுத் திட்டான வண்ணம் மேடு பள்ளத்தை மறைத்துவிடும். வெள்ளி நிறம் எதையும் மறைக்காது. பளபளப்பான பரப்பு கண்ணாடி போல வெளிச்சத்தைத் திருப்புவதால், ஓர் ஓரத்தில் தாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எங்களுடையது 1965 விமானம் என்று முடிவு செய்த பிறகு வேறு வழி இல்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பட்டி வைப்பது, உப்புத்தாள் போடுவது எல்லாம் அவரிடம் கற்றது. பட்டி வைத்துத் தேய்த்த பிறகு கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீங்க, கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவுங்க என்றார். உண்மைதான், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிகிறது. பட்டி, தேய்ப்பு, ப்ரைமர், மறுபடி தேய்ப்பு என்று இதற்கே இரண்டரை வாரம் ஓடியது.

அலுமினிய பெயின்ட்டில் அலுமினியம் தட்டையான சின்னச் செதில்களாக மிதக்கிறது. விட்டுவிட்டால் அடியில் தங்கிவிடும், அடிக்க அடிக்கக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷ் எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தத் தடம் தெரியும். இதையே நாங்கள் லாபமாக்கிக்கொண்டோம். நிஜ விமானத்தின் மேல்தோல் பல தகடுகளை இணைத்தது. ஒவ்வொரு தகடும் கொஞ்சம் வேறு மாதிரி மின்னும். ஆகவே பென்சிலால் தகடுகளின் கோட்டை வரைந்துகொண்டு, ஒரு தகட்டில் மூக்கிலிருந்து வாலை நோக்கியும் அடுத்ததில் மேலிருந்து கீழாகவும் அடித்தோம். ஒரே டப்பா பெயின்ட்தான், ஆனால் தூரத்தில் நின்று பார்த்தால் தனித்தனித் தகடு போலவே இருக்கும்.

பெயின்ட் மட்டும் அளவுக்கு அடங்காத பொருள் என்பதையும் கவனியுங்கள். மூன்று கோட் அடித்தால் உத்தேசமாக 0.1 மி.மீ. தடிமன் சேரும். எங்கள் மாதிரிக்கு அது நிஜத்தில் 1 மி.மீ. மாதிரி. பரவாயில்லை. கடையில் விற்கும் 1:72 பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே, நாட் அதில் 12 செ.மீ.தான் வரும். அதற்கும் இதே மூன்று கோட் அடித்தால் நிஜ விமானத்தின் மேல் 7 மி.மீ. சிமென்ட் பூசின மாதிரி! ஆகவே மாதிரி சின்னதாகச் சின்னதாகப் பெயின்ட் தண்ணியாக இருக்க வேண்டும். ஆணித்தலைக்கும் இதே கணக்குதான். நிஜத்தில் 5 மி.மீ. உள்ள ஆணித்தலை எங்களுக்கு அரை மி.மீ. மை தீர்ந்த பேனா முனையால் லேசாகக் குத்தினால் சரியாக வரும். 1:72-இல் அது 0.07 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. அதில் ஆணித்தலை குத்தினால் அது தவறு. எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதும் கணக்கில் வரும். எங்கள் மாதிரியை 2 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது நிஜ விமானத்தை 20 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். தூரத்து மலை வெளுத்துத் தெரிகிறதல்லவா? அதனால் மாதிரியில் அடிக்கும் காவி, பச்சை இரண்டிலும் ஒரு சொட்டு வெள்ளை கலந்தோம். நிறைய வேண்டாம், 20 மீட்டர்தானே.

விமானப்படைச் சின்னத்தில் பலர் தடுமாறுவார்கள். வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. சக்கரம் கிடையாது. மூன்று பட்டையும் ஒரே அகலத்தில் வரைந்தால் பச்சைக்கு ஒரு பங்கு, வெள்ளைக்கு மூன்று பங்கு, காவிக்கு ஐந்து பங்கு பெயின்ட் தேவை. ஏன் என்று எட்டாம் வகுப்புக்காரர்கள் போட்டுப் பாருங்கள். வாலில் உள்ள மூவண்ணம் நம் கொடி போலக் கிடைமட்டம் இல்லை, செங்குத்துப் பட்டைகள். காவி எப்போதும் மூக்கின் பக்கம். ஆகவே இடப்பக்கம் பார்த்தால் காவி இடது ஓரத்தில், வலப்பக்கம் பார்த்தால் வலது ஓரத்தில். எழுத்துக்கும் எண்ணுக்கும் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய அச்சு வைத்தோம், தாள் அச்சு என்றால் பெயின்ட்டில் ஊறிப்போகும்.

மொத்தச் செலவு 385 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பெயின்ட்டும் ப்ரைமரும்தான்.

குண்டுகள் எங்கே என்று கேட்கிறார்கள். நாட் விமானம் இறக்கைக்கு அடியில் குண்டும் சுமக்கும், உண்மைதான். அதன் முக்கிய ஆயுதம் காற்று வாய்களின் ஓரத்தில் உள்ள இரண்டு பீரங்கித் துப்பாக்கிகள். அவற்றின் வாயை இரண்டு கறுப்புத் துளைகளாகக் காட்டியிருக்கிறோம். அதோடு போதும் என்பது என் கருத்து. போர் விமானம் செய்தோம், போரை அலங்காரம் செய்யவில்லை.

எங்களுக்குள் பெரிய விவாதம் வந்தது வாலில் எழுதும் எண் பற்றித்தான். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் விமானதளத்தைச் சேபர் விமானங்கள் தாக்கியபோது, ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் நாட் விமானத்தில் கிளம்பிப்போய்த் தனியாகச் சண்டையிட்டு உயிரைக் கொடுத்தார். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர்தான். அவருடைய விமானம் என்றே எழுதிவிடலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 22-இல் போய்ராவில் நான்கு நாட் விமானங்கள் இரண்டு சேபர்களை வீழ்த்தின, அதில் ஒன்றாக இருக்கட்டும் என்று மீதிப்பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் விமானம் 1965 நிறத்தில் நிற்கிறது. நிறம் ஒரு வருடத்தையும் எண் வேறு வருடத்தையும் சொன்னால், பார்க்கிறவர் எதை நம்புவார்? சேகோன் பெயருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அவர் ஓட்டாத விமானத்தில் அவரை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1965-இல் பறந்த நாட் விமானங்களில் எண்ணும் கதையும் இரண்டுமே தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஐ.இ. 1083. 1965 செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்குவாட்ரன் லீடர் சிகந்த் ஓட்டிய அந்த விமானம் பாகிஸ்தானில் பஸ்ரூர் என்ற இடத்தில் தரையிறங்கியது. அவர் போர்க்கைதியானார். விமானம் இன்றைக்கும் கராச்சியில் பாகிஸ்தான் விமானப்படையின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. "பிடிபட்ட விமானத்தோட நம்பரை யாராவது எழுதுவாங்களாடி?" என்று தோழிகள் சண்டைக்கு வந்தார்கள். ஜெயித்த விமானத்துக்கு மட்டும்தான் மாதிரி செய்யணுமா என்று நான் கேட்டேன். ஓட்டெடுப்பில் நாலுக்கு ரெண்டு என்று முடிந்தது. 1083 என்றுதான் எழுதப் போகிறோம். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் மேலே சொன்ன விவரத்தையும் எழுதி வைப்போம். சேகோனைப் பற்றித் தனியாக ஒரு அட்டை, உருமறைப்பு நிறத்தில் வரைந்த படத்தோடு இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதிய உணவு இடைவேளையில் எண் எழுதுகிறோம். அதுவரை வாலில் பென்சில் கோடு மட்டும்தான் இருக்கும், தயவுசெய்து அழிக்காதீர்கள். தூக்கிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இறக்கை முனையைப் பிடிக்காமல், வயிற்றுப் பகுதியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கவும். முன்பக்கம் கனமாக இருக்கும், நட்டு இருக்கிறது.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி